ஆதர்ச தம்பதி

ஏப்ரல் 28, கோயம்புத்தூர்

நாளை காலை புறப்படுகிறோம். பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று தமிழ் டீச்சர் என்னிடம் கேட்டிருக்கிறார். பார்த்ததை அன்றன்றே குறித்துவைத்தால்தான் கட்டுரையில் உயிர் இருக்கும் என்றும் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

என் பெயர் மிதுனா. ஒன்பது முடித்துப் பத்துக்குப் போகிறேன். பள்ளியில் தமிழோடு பிரெஞ்சும் படிக்கிறேன். மற்றவர்கள் மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்தார்கள். எனக்கு அகராதி படிக்கப் பிடிக்கும், அதனால் எடுத்தேன். அப்பா சிவசண்முகம் தண்ணீர் பம்ப் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். அம்மா ரேணுகா வீட்டில் இருக்கிறாள். இந்தப் பயணம் அவர்கள் கல்யாண நாளுக்காக. முதலில் ஒரு தமிழ் டூர் கம்பெனியோடு இத்தாலி, சுவிட்சர்லாந்து, பாரிஸ். அங்கிருந்து குழு ஊருக்குத் திரும்பிவிடும். நாங்கள் மூவர் மட்டும் ரீயூனியன் தீவுக்குப் போகிறோம். அது இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் பிரான்சைச் சேர்ந்தது. அப்பாவின் பம்புகளை வாங்கும் டீலர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

பெட்டி அடுக்குவதில் இன்று முழு நாளும் போய்விட்டது. அம்மா அடுக்கியதை அப்பா எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு மறுபடி அடுக்கினார். அப்பா மடித்தால் துணி புத்தகம் மாதிரி இருக்கும். தாராபுரம் மாமாவை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று அம்மா கேட்டாள்.

“போன்ல சொன்னா உங்கண்ணனுக்குக் காதுல ஏறாதா?” என்றார் அப்பா. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தார். அப்போதுதான் அவரும் மாமாவிடம் பேச முடியும்.

மே 1, ரோம்

டூர் மேனேஜர் பெயர் ஜெரால்டு, சென்னைக்காரர். சமையல்காரரும் கூடவே வருகிறார். ரோமில் புளிசாதம் சாப்பிட்டோம். எல்லாரும் வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். அம்மா மட்டும் இரண்டு தடவை நிற்கிறாள். முதல் தட்டு அப்பாவுக்கு, அதில் தயிர் எதிலும் படாமல் ஓரமாக இருக்க வேண்டும்.

கொலோசியத்தைப் பார்த்தோம். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து மனிதர்கள் சாவதை வேடிக்கை பார்த்த இடம் என்று வழிகாட்டி சொன்னார். நான் உயரம், அகலம், கட்டிய காலம் எல்லாம் குறித்துக்கொண்டேன். அம்மா நெடுநேரம் அந்தக் கல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

“இத்தன பேருல ஒருத்தரு கூடவா எந்திரிச்சு வெளிய போகல?”

கட்டுரைக்கு இது நல்ல வரி.

மே 3, சுவிட்சர்லாந்து போகும் வழி

இன்று பஸ்ஸிலேயே பொழுது போயிற்று. ஆனால் எங்கள் குடும்பத்துக்குப் பெருமையான நாள்.

ஜெரால்டு மைக்கை எடுத்து, “ஆதர்ச தம்பதி யாருன்னு இன்னிக்குக் கண்டுபிடிச்சுரலாமா?” என்றார். எல்லா டூரிலும் இந்தப் போட்டி உண்டாம். கணவரிடம் மனைவியைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், பிறகு மனைவியிடம் கணவரைப் பற்றி.

முதலில் மதுரை சொக்கலிங்கம் அங்கிள். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி லீலாவதி ஆன்ட்டிக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்டார்கள். அவர் பச்சை என்றார்.

“கட்டி நாப்பது வருசமாச்சு. நான் பச்சை கட்டி எப்பய்யா பாத்தீரு?” என்று ஆன்ட்டி பின்னாலிருந்து கத்தினார். “எதுத்த வீட்டுக்காரியச் சொல்றீரு போல!”

பஸ்ஸே சிரித்தது. அடுத்து அப்பா.

அம்மாவின் செருப்பு அளவு சொன்னார். அம்மாவின் போனைத் திறக்கும் எண் சொன்னார். கடைசியாக யாரிடம் போனில் பேசினாள் என்று கேட்டதும், “அவங்கண்ணன்கிட்ட. ரோமுல வெச்சு. நாலு நிமிசம்” என்றார். அம்மா எதை வாங்கினாலும் எவ்வளவு மிச்சக் காசு கொண்டுவருவாள் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பதிலும் தவறவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு ஆன்ட்டி தன் கணவரைக் குத்தி, “பாருங்க, உங்களுக்கு என் பொறந்த நாளே தெரியாது” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லீலாவதி ஆன்ட்டி மட்டும் தட்டவில்லை. தோற்றுப்போனதால் இருக்கலாம்.

பிறகு அம்மாவின் முறை. எல்லாமே சரியாகச் சொன்னாள். கடைசிக் கேள்வி: “சார் கோவமா இருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?”

அம்மா மைக்கைப் பிடித்தபடி, யோசிக்காமல், “வாட்சக் கழட்டி வெப்பாருங்க” என்றாள்.

இதற்கும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “ரேணு என்னையப் புட்டுப் புட்டு வெக்கிறா” என்றார். பஸ்ஸில் அவர் அம்மாவை ரேணு என்று கூப்பிடுகிறார். வீட்டில் பெயர் சொல்வதில்லை. பரிசாக ஒரு பெரிய சாக்லேட் பெட்டி கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஓட்டலுக்கு வந்ததும் அப்பாவின் வாட்ச் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. என்னைக் கீழே லாபியில் போய்ப் படிக்கச் சொன்னார். லாபியில் நல்ல வெளிச்சம். நிறையப் படித்தேன்.

மே 4, மலை உச்சி

பனியை முதன்முதலாகத் தொட்டேன்! தூரத்தில் பஞ்சு போலத் தெரிகிறது. கையில் எடுத்தால் பொடி உப்பு போல நொறுங்குகிறது. எல்லாரும் உருண்டை பிடித்து எறிந்தார்கள். அப்பா எங்கள் இருவரையும் நிற்கவைத்து நிறையப் படம் எடுத்தார்.

அம்மா விளையாடவில்லை. ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையுறையைக் கழற்றிவிட்டு, பனியை அள்ளி மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள். கரையக் கரையப் புதுப் பனி. உடல் சூட்டில் பனி எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

லீலாவதி ஆன்ட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கையி ஏன் ரேணுகா இப்பிடி வீங்கியிருக்கு?”

“பஸ்ஸுல கம்பியில இடிச்சுட்டனுங்க.”

“எந்தக் கம்பி? எனக்குங் காட்டு தாயி. நானும் ஒதுங்கிப் போயிக்கிறேன்.”

அம்மா சிரித்தாள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. “பாரிசுக்கு அப்பறம் அந்தத் தீவுக்கு நீங்க மூணு பேரு மட்டுந்தேன் போறீகளா?” என்று கேட்டார். அதற்குள் அப்பா படம் எடுக்க வந்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் இருக்கையை முன்வரிசைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினார் அப்பா. பின்னால் உட்கார்ந்தால் அம்மாவுக்குக் குமட்டுகிறதாம்.

இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டியதில்லை.

மே 6, பாரிஸ்

என் பிரெஞ்சு வேலை செய்கிறது. காலையில் ஓட்டலில் வெந்நீர் கேட்டேன், கொண்டுவந்து தந்தார்கள். அப்பா எல்லாரிடமும், “என்ற பொண்ணு பேசறதப் பாருங்க, இங்கயே பொறந்தவ மாதிரி” என்று சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மறுபடி சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது.

அம்மாவின் மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்ததால் மதியம் ஒரு மருந்துக்கடைக்குப் போனோம். “ஓட்டல் படியில விழுந்துட்டாங்கன்னு சொல்லு கண்ணு” என்றார் அப்பா. அம்மா பஸ் கம்பி என்று சொல்லியிருந்தாள். ஆனால் கம்பிக்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது, படிக்குத் தெரியும். அதனால் படியே வசதி. தவறில்லாமல் முழு வாக்கியமாகச் சொன்னேன்.

கடைக்காரப் பெண்மணி அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் நான்கு நீலத் தடங்கள் வரிசையாக இருந்தன. அவர் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டார்.

“என்ன கேக்கறாங்க?” என்றார் அப்பா.

புரியவில்லை என்றேன். வகுப்பில் கேட்டு எழுதும் தேர்வில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண்தான். ஆனால் கடையில் சத்தம் அதிகம்.

களிம்பும் கட்டும் கொடுத்தார். வெளியே வந்ததும் அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், இரண்டு உருண்டை. இங்கே பிஸ்தா நிஜமான பிஸ்தா மாதிரி இருக்கிறது.

மே 7, பாரிஸ் விமான நிலையம்

குழுவினர் சென்னை விமானத்துக்குப் போய்விட்டார்கள். லீலாவதி ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “ஊருக்கு வந்ததும் மதுரைக்கு வா. மீனாட்சியப் பாக்கன்னு சொல்லிட்டு வா” என்றார். அப்பா, “கண்டிப்பா வர்றமுங்க, குடும்பத்தோட” என்றார்.

அவர்கள் போன பிறகு அம்மா, தெரிந்தவர் யாரும் இல்லாத அந்தப் பெரிய கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

மே 9, ரீயூனியன் தீவு

இங்கே எல்லாமே பச்சை. ஒரு பக்கம் கரும்புத் தோட்டம், ஒரு பக்கம் எரிமலை. கடற்கரையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வீட்டுக்காரம்மா பெயர் ஜோசியான் வீராசாமி! பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். அவருடைய முன்னோர்கள் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது. ஆனால் கோவிலில் மாரியம்மன் பாட்டு முழுவதும் பாடுவாராம். எனக்குப் பாடிக் காட்டி, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. “சின்ன வயசிலிருந்து பாடறேன். மாரியம்மன்கிட்ட மழை கேட்டுட்டு இருந்திருக்கேன்னு இப்பத்தான் தெரியுது” என்றார். இது நான் செய்த மொழிபெயர்ப்பு.

சாயங்காலம் ஒரு பாத்திரத்தில் கோழிக்கறி கொண்டுவந்து தந்தார். அம்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, “நம்மூருக் கொழம்புதான் கண்ணு. ஊரு மறந்தாலும் மஞ்சள மறக்கல பாரு” என்றாள். ரோமிலிருந்து இதுவரை அம்மா இப்படி ரசித்துச் சாப்பிட்டதில்லை.

வேறு விருந்தாளிகள் யாரும் இல்லை. அப்பா அம்மாவை ரேணு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மே 10

மழை. டீலர் வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை.

மே 11, கடற்கரையில்

நோட்டைக் கடலுக்கே எடுத்து வந்துவிட்டேன். மர நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டீலர் இன்று காலையில் வந்தார். சீனப் பம்புகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றனவாம், இனி கோயம்புத்தூரிலிருந்து எடுக்கப் போவதில்லை என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். பாதியில் அப்பா, “சரியாக் கேட்டுச் சொல்லு” என்றார். சரியாகத்தான் சொன்னேன். அவர் போனதும் அம்மா காப்பி கொண்டுவந்தாள். அப்பா வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். “போயிக் கடல்ல வெளயாடு கண்ணு. பொழுது சாயற வரைக்கும் வெளயாடு” என்றார்.

இங்கே கடலில் அலை இல்லை. தூரத்தில் பவளத் திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. கரைப்பக்கம் முழங்கால் தண்ணீர்தான், கண்ணாடி மாதிரி. அடியில் கடல் அட்டைகள் கிடக்கின்றன. கறுப்பாக, ஒரு முழ நீளத்தில், அசையாமல். கல் என்று நினைத்து மிதித்துவிடலாம். பயந்தால் தன் குடலையே வெளியே தள்ளிவிடும், பிறகு உள்ளே புதிதாக வளர்த்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். மணலை விழுங்கி, அதில் உள்ள அழுக்கைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலை வெளியே விடும். அதனால்தான் இங்கே தரை இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது. யாரும் கடல் அட்டையைப் பாராட்டுவதில்லை. நான் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகர்வதே தெரியவில்லை, ஆனால் நகர்ந்திருக்கிறது. வீட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. தேங்காய் விழுந்திருக்கும். இங்கே தென்னை நிறைய. கடல் அட்டைக்கு முகம் கிடையாது. வாய் மட்டும் உண்டு, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கைகள். கண்கள் இல்லை. காது இல்லை.

மறுபடி சத்தம்.

தாகமாக இருக்கிறது. பாட்டில் காலி. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மே 12, ஜோசியான் வீட்டில்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்வாசல் வழியாகப் போனேன். அம்மா படுக்கையறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அழவில்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. அப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். தரை காய்ந்திருந்தது. அவர் கப்பில் தண்ணீர் பிடித்து அந்தக் காய்ந்த தரையில் ஊற்றினார். இன்னொரு கப். பிறகு சோப்பை எடுத்துக் கீழே போட்டார். அதன் பின்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா கண்ணு” என்றார்.

அதற்குள் ஜோசியான் சத்தம் கேட்டு வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்தார், தன் காரை எடுத்து வரப் போனார். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் புரியவில்லை, அப்பாவின் கையும் புரியவில்லை போல் நடந்துகொண்டார்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர். நரைத்த குட்டை முடி. எங்களில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அப்பா கதவோரம் நின்றார், வாட்சைக் கட்டியிருந்தார்.

டாக்டர் தோளைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டை, முதுகை, கழுத்தின் பின்பக்கத்தை. எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்டார்.

“பாத்ரூம் ஈரம், வழுக்கிருச்சுன்னு சொல்லு கண்ணு” என்றார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். “அப்பா சொல்றத அப்படியே சொல்லு” என்றாள் அம்மா.

சொன்னேன். டாக்டர் தலையாட்டவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து, மெதுவாக, வேறொரு கேள்வி கேட்டார். பாரிஸ் மருந்துக்கடையில் கேட்ட அதே கேள்வி. ‘இதை யாராவது செய்தார்களா?’

“என்ன கேக்கறாங்க?” என்றார் அப்பா.

“எப்ப விழுந்தாங்கன்னு கேக்கறாங்கப்பா” என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன முதல் தப்பான மொழிபெயர்ப்பு அது.

“மத்தியானம்னு சொல்லு.”

டாக்டரிடம் பிரெஞ்சில் சொன்னேன்: “அம்மா வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். ஆனால் தரை காய்ந்திருந்தது. அப்பா பிறகுதான் தண்ணீர் ஊற்றினார். சோப்பையும் அவர்தான் போட்டார். நான் பார்த்தேன். இது முதல் தடவை இல்லை.”

நான் பேசப் பேச அப்பா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்த அன்று இருந்த அதே பெருமை. டாக்டரின் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே அப்பாவை முன்பக்கம் அழைத்துப் போனார், எக்ஸ்ரேக்கு விவரம் பதிய வேண்டும் என்று. கதவு மூடியது.

டாக்டர் ஒரு போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். ஒரு பெண்ணின் தமிழ்க் குரல் வந்தது.

“வணக்கம் அம்மா. நான் பரிஸில இருந்து கதைக்கிறன். நீங்கள் சொல்லுறதை அப்பிடியே டொக்டருக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். பயப்பிடாதேங்கோ.”

இலங்கைத் தமிழ். அம்மா அந்தப் போனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“என்ற பொண்ணு சொன்னதெல்லாம் பொய்யிங்க” என்றாள். “கதைப் புஸ்தகம் நெறையாப் படிப்பா. அவளா ஏதாச்சும் கற்பனை பண்ணிக்குவா. நான் வழுக்கித்தான் விழுந்தனுங்க. அவரு நல்லவருங்க.”

அந்தக் குரல் அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லிற்று. ‘கற்பனை’ என்பதற்கு நான் பயன்படுத்தியிருக்கக்கூடிய சொல்லையே பயன்படுத்தியது. பிறகு, “மகளோட கொஞ்சம் கதைக்கலாமோ? பிள்ளை, நீ பாத்ததை எனக்குத் தமிழில சொல்லுறியா?” என்று கேட்டது.

பிரெஞ்சில் அது ஒரு பாடத்தை ஒப்பிப்பது போல இருந்தது. வினைச்சொல்லைத் தேடுவதும் சரியாக வைப்பதும்தான் வேலை. தமிழில் தேட ஒன்றுமில்லை. அந்தச் சொல் அங்கேயே இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் சொன்னதே இல்லை, நானும் இந்த நோட்டில் எழுதவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“எங்கப்பா எங்கம்மாவ அடிப்பாருங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அடிக்கறாருங்க.”

போனில் அந்தப் பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் முன் மூடுவது மாதிரி இறுக்கி. திறந்தபோது என்னிடம், “உனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தன் கண்ணு” என்றாள்.

பிறகு நன்றாக இருந்த கையால் போனை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டாள். “அக்கா, இருக்கீங்களா? ஒண்ணு சொல்லோணும். இந்தத் தோளு இருக்கட்டும். டாக்டரம்மாவ என்ற எடது காதையும் பாக்கச் சொல்றீங்களா? ரெண்டு வருசமா அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கறதில்லீங்க. அறஞ்சதுல போனது. எங்கண்ணனுக்குக்கூடத் தெரியாது.”

எனக்கும் தெரியாது. அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் சொல்லவில்லை என்று எத்தனை தடவை கோபித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 13, காவல் நிலையம்

அம்மாவின் தோளைச் சரியான இடத்தில் பொருத்திக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் தகவல் சொல்லி, அப்பாவை அன்றே போலீஸ் இங்கே கொண்டுவந்துவிட்டது. இன்று காலையில் ஜோசியான் எங்களை இங்கே கூட்டிவந்தார். மருத்துவமனையில் அம்மா சொன்ன வாக்குமூலத்தை அந்த இலங்கை அக்கா போன் வழியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டால் அப்பா எங்களிடம் வர முடியாது, எங்களுக்குத் தங்க வேறோர் இடம் தருவார்கள். போடாவிட்டால் மூவரும் ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டில் ஒன்றாக ஊருக்குப் போகலாம். அவர் இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எதைச் செய் என்று சொல்லவில்லை.

அம்மா பேனாவைக் கையில் எடுத்தபோது அவள் போன் அடித்தது. தாராபுரம் மாமா. ஒரு கையில் கட்டு, ஒரு கையில் பேனா. அதனால் நான்தான் போனை அம்மாவின் வலது காதில் வைத்துப் பிடித்தேன். மாமா பேசியது எனக்கும் கேட்டது.

“என்ன காரியம் ரேணுகா பண்ணி வெச்சிருக்கற? போலீசு ஒரு போன் பண்ண உட்டாங்கன்னு மாப்ள எனக்குக் கூப்புட்டு அழுவறாரு. ஊரு உலகத்துல நடக்காததா? கையெழுத்துக் கிய்யெழுத்துப் போட்டுப்புடாத. ஊருக்கு வா, நாலு பெரியவங்கள வெச்சுப் பேசிக்கலாம்.”

“அண்ணா, காது போயிருச்சுண்ணா எனக்கு.”

“அதுக்கு ஆசுபத்திரி இல்லியா கோயமுத்தூருல? பொட்டப்புள்ளய வெச்சிருக்கற. நாளைக்கு அதுக்கு ஒரு மாப்ள பாக்கறப்ப, அப்பன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ? சோத்துக்கு என்ன பண்ணுவ? எங்க வீட்டுல கொண்டுவந்து வெச்சுக்கலாம்னு நெனச்சீன்னா, உங்கண்ணிய உனக்கே தெரியும்.”

அம்மா பேனாவைப் பார்த்தாள். மாமா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“அந்தப் பக்கம் வை கண்ணு” என்றாள் அம்மா.

நான் போனை எடுத்து இடது காதில் வைத்தேன். மாமா பேசிக்கொண்டே இருந்தார். அம்மா, “ம்… ம்…” என்றபடி கையெழுத்துப் போட்டாள். மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் முழுப் பெயரை நிறுத்தி எழுதினாள்.

“சரிங்கண்ணா, வெக்கறன்” என்றாள்.

இனி எங்கே இருப்போம், நான் பத்தாம் வகுப்பை எங்கே படிப்பேன் என்று அம்மாவிடம் கேட்டேன். தெரியவில்லை என்றாள். அம்மா எனக்குச் சமாதானம் சொல்லாமல் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். பள்ளி விடும் நேரம் காருக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டுவாரே, அதே மாதிரி காட்டினார். அதே சிரிப்பு.

என் கையும் உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, அதுவாக உயர்ந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். சட்டென்று இறக்கப் போனேன்.

“காட்டு கண்ணு” என்றாள். “உனக்கு அப்பாதான அவரு.”

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, நான் காட்டி முடிக்கும் வரை நின்றாள்.